நடைவழிகளை இணைப்பதும் காப்பதும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வட்டார அளவில் நடைவழிகளையும் மிதிவண்டித் தடங்களையும் உருவாக்கிப் பேணுவது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். பாதைப் பராமரிப்புக் குழுக்களோடு பல ஆண்டுகள் மண்வெட்டி பிடித்தவன் என்பதால், அக்கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் நான்கு நடைக்குழுக்கள் தனித்தனியே சிறு பாதைகளை வைத்திருக்கின்றன. அவற்றை இணைத்து ஒரே பாதை வலையாக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

புதிதாக எதையும் வெட்டுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பவை அனைத்தையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். குழுக்களின் பாதைகள் மட்டுமல்லாமல், கால்வாய்க் கரைகள், கைவிடப்பட்ட ரயில் தடங்கள், காட்டு ஜீப் தடங்கள், மக்கள் தாமாகவே நடந்து நடந்து உண்டாக்கிய ஒற்றையடிப் பாதைகள் ஆகிய எல்லாமும் அதில் இடம்பெற வேண்டும். ஒற்றையடிப் பாதைகளை நான் மிகவும் மதிக்கிறேன். மனிதர்கள் உண்மையில் எங்கே போக விரும்புகிறார்கள் என்பதை எந்தக் கருத்துக்கணிப்பையும்விட அவை தெளிவாகச் சொல்கின்றன. இப்படிக் குறித்து முடிக்கும்போது, தேவையான வலையின் பெரும்பகுதி ஏற்கெனவே தரையில் கிடப்பதையும், குறைவது சில இடைவெளிகளும் ஓடையைக் கடக்கும் ஒன்றிரண்டு நடைப்பாலங்களுமே என்பதையும் பெரும்பாலும் காண்பீர்கள்.

பெரிய பாதைகளும் இப்படித்தான் உருவாயின. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையைப் பென்டன் மெக்காய் 1921-இல் ஒரு கட்டுரையின் வழியாக முன்மொழிந்தபோது, அதன் வடபகுதியில் மலையேற்றக் குழுக்கள் அமைத்த பாதைகள் பல முன்பே இருந்தன. அவற்றை இணைத்தும் இடைவெளிகளை நிரப்பியும் தன்னார்வலர்கள் உழைத்து, 1937-இல் அதை முழுமையாக்கினார்கள். இன்று அதன் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது ஒரு நெடும்பாதை அன்று, வலை. வலையின் உயிர் அதன் முடிச்சுகளில், அதாவது பாதைகள் சந்திக்கும் இடங்களில் இருக்கிறது. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் ஹியூகோ பொல்லன் என்ற சுரங்கப் பொறியாளர் வகுத்த முறையை நீங்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். பாதைகளுக்குப் பெயர் வைப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண் கொடுத்து, அடுத்த எண்ணுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பலகை வைத்தார்கள். 1995-இல் மிதிவண்டிகளுக்காகத் தொடங்கிய இம்முறை, பெல்ஜியத்தின் பிற பகுதிகளிலும் நெதர்லாந்திலும் பரவி, நடப்பவர்களுக்கும் பயன்பட்டு வருகிறது. நான்கைந்து எண்களைத் தாளில் குறித்துக்கொண்டவர் தம் விருப்பம்போல் ஒரு சுற்றை அமைத்துக்கொள்ளலாம். களைத்தால் பாதியிலேயே சுருக்கியும் கொள்ளலாம்.

முதல் ஆண்டில், குடியிருப்புகளிலிருந்து நடந்தே வந்து சேரக்கூடியதும், இரண்டு மணி நேரத்தில் முடிந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதுமான ஒரு சுற்றுப்பாதையை மட்டும் செய்து முடியுங்கள் என்பது என் யோசனை. நான்கு குழுக்களையும் கலைத்து ஒன்றாக்க முயல வேண்டாம். வரைபடம், பலகைகள், காப்பீடு ஆகிய மூன்றையும் ஒரு கூட்டமைப்பிடம் விட்டுவிட்டு, அவரவர் பாதையை அவரவரே பேணட்டும். சந்திப்புகள் மட்டும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் இரு குழுக்களின் எல்லையில் விழுந்த மரம்தான் எங்கும் நெடுநாள் கிடக்கிறது.

பாதையின் நடுவே ஒருவருடைய நிலம் குறுக்கிடுகிறது. இதுவரை வாய்மொழியாக அனுமதித்தவர், பலகை வைக்கக் கூடாது என்று இப்போது மறுக்கிறார். சட்டப்படி வற்புறுத்தலாமா?

வற்புறுத்த வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் அவருடைய அச்சம் எது என்று கேட்டறியுங்கள். படலைத் திறந்து போட்டுப் போவார்களா, கால்நடைகளை நாய்கள் விரட்டுமா, யாரேனும் விழுந்து காலை முறித்துக்கொண்டால் தம்மீது வழக்கு வருமா, இன்று விட்டால் நாளை அதையே உரிமை என்று கோருவார்களா என்ற கேள்விகளுள் ஒன்றுதான் பெரும்பாலும் அவர் மனத்தில் இருக்கும். இவை யாவும் நியாயமான கவலைகள். ஒவ்வொன்றுக்கும் தீர்வும் உண்டு. தானாகவே சாத்திக்கொள்ளும் படலை வைக்கலாம். விபத்துப் பொறுப்பைக் கூட்டமைப்பின் காப்பீடு ஏற்கலாம். கட்டணம் வாங்காமல் மக்களை நடக்க விடும் நில உரிமையாளரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் உட்படப் பல இடங்களில் இருக்கின்றன. உங்கள் இடத்தில் நிலைமை என்ன என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது அவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை. நிரந்தர உரிமை எதையும் தராத, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான எழுத்துவழி அனுமதியிலிருந்து தொடங்கினால் அவருக்கும் நிம்மதி கிடைக்கும்.

நம்பிக்கை வளர்ந்த பிறகு, பதிவுசெய்யப்பட்ட வழிநடைப் பாத்தியமாக, அதாவது நிலம் கைமாறினாலும் நீடிக்கும் வழியுரிமையாக, அதை மாற்ற முயலலாம். வாய்மொழி அனுமதி எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், நிலம் கைமாறினால் புதிதாக வாங்கியவரை அது கட்டுப்படுத்துவதில்லை. அப்பலாச்சியன் பாதையின் நீண்ட பகுதிகள் பல ஆண்டுகள் இத்தகைய நல்லெண்ணத்தின் மேலேயே நின்றன. நிலங்கள் விற்கப்பட்டு வீடுகள் எழுந்தபோது, நடப்பவர்கள் பல இடங்களில் தார்ச்சாலைக்குத் தள்ளப்பட்டார்கள். 1968-இல் தேசியப் பாதைகள் சட்டம் வந்த பின்னரே, பாதையை ஒட்டிய நிலங்களைப் பொது உடைமையாக்கும் பணி வலுப்பெற்றது. இங்கிலாந்தில் டாம் ஸ்டீபன்சன் 1935-இல் முன்மொழிந்த பென்னைன் பாதை, 1965-இல்தான் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 430 கிலோமீட்டர் பாதைக்கு 30 ஆண்டுகள் பிடித்தமைக்கு, வழியுரிமை இல்லாத பகுதிகளுக்கு ஒவ்வொன்றாக அதைப் பெற வேண்டியிருந்தது ஒரு முக்கியமான காரணம்.

நார்வேயின் 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் பிறர் நிலத்தில் பொறுப்போடு நடக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு அளிக்கின்றன. அப்படிப்பட்ட சட்டம் உள்ள இடத்திலும் பலகை நடவும் பாலம் போடவும் உரிமையாளரின் இசைவு தேவை என்பதால், பேச்சுவார்த்தையிலிருந்து தப்பிக்க வழியில்லை. இதற்கிடையே, அவருடைய நிலத்தைச் சுற்றிச் செல்லும் மாற்று வழி ஒன்றை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அது இருப்பது தெரிந்தால் இரு தரப்பிலும் இறுக்கம் தளரும்.

ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் மலைப்பாதை வாய்க்காலாகிவிடுகிறது. கல்லும் மண்ணும் கொட்டிச் சலித்துவிட்டோம். என்ன செய்வது?

உங்கள் பாதை நீர் ஓடும் திசையிலேயே இறங்குகிறது என்பது கேள்வியிலிருந்தே தெரிகிறது. அப்படியானால் எத்தனை கூடை மண் கொட்டினாலும் அடுத்த மழை அதைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நோய் பாதையின் மேற்பரப்பில் இல்லை, அது போகும் கோட்டில் இருக்கிறது.

மலைச்சரிவில் பாதை அமைப்பவர்கள் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பாதையின் ஏற்றம், அது கடந்துசெல்லும் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 100 மீட்டருக்கு 20 மீட்டர் உயர்கிறது என்றால், பாதை 100 மீட்டருக்கு 10 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. தாண்டினால், மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடந்து போவதை விட்டுவிட்டு, பாதையையே தன் வழியாக்கிக்கொள்ளும். இதோடு, பாதையின் சராசரி ஏற்றம் மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான அனுபவம். பாறைப்பாங்கான இடத்தில் சற்றுக் கூடலாம், இளகிய மண்ணில் இன்னும் குறைய வேண்டும்.

இரண்டாவதாக, பாதையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். கொத்தனார் தளத்துக்கு வாட்டம் விடுவதைப் போன்றதே இது. ஐந்து சதவீத வாட்டம் போதும், நடப்பவரின் காலுக்கு அது தெரியவே தெரியாது. நாளடைவில் நடமாட்டத்தால் பாதையின் நடுப்பகுதி அமுங்கி, வெளிவிளிம்பில் மண் திரண்டு ஒரு சிறு வரப்பாக நிற்கும். அந்த வரப்பை ஆண்டுதோறும் வெட்டிச் சரிவில் தள்ளுவதுதான் பராமரிப்பில் தலையாய வேலை. கண்ணைக் கவராத வேலை என்பதால் அதை யாரும் விரும்பிச் செய்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

மூன்றாவதாக, நீண்ட ஏற்றத்தின் இடையிடையே பாதையைச் சில அடி தூரம் இறக்கிப் பின் மீண்டும் ஏற்ற வேண்டும். அந்தத் தாழ்ந்த இடத்தில் நீர் தானாகவே வெளியேறிவிடும். குறுக்கே மரக்கட்டையையோ கல் வரிசையையோ பதித்து நீரைத் திருப்புவது பழைய முறை. அதன் பின்னால் வண்டல் சேர்ந்து, இரண்டு மூன்று மழைக்குள் நீர் கட்டையின் மேலேறி ஓடத் தொடங்கிவிடுவதால், ஓயாமல் தூர்வார ஆள் இருந்தால் மட்டுமே அது பயன்படும்.

ஆகவே, பழைய கோட்டைக் கைவிட்டு, சரிவின் குறுக்காக, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டை ஒட்டி வளைந்து செல்லும் புதிய கோட்டை வெட்டுங்கள். சமதரை வழியாகப் போனால் எளிது என்று எண்ண வேண்டாம்: சமதரையில் நீர் வடிய இடமின்றித் தேங்கும், மக்கள் சேற்றைச் சுற்றி நடப்பார்கள், ஓராண்டில் ஓரடிப் பாதை பத்தடியாக விரிந்துவிடும். படிகள் கட்டுவதையும் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். படியின் உயரம் காலுக்கு ஒவ்வாவிட்டால், மக்கள் அதன் ஓரமாக நடந்து இன்னொரு வாய்க்காலை உண்டாக்குவார்கள். பழைய பாதையை அப்படியே விட்டுவிடாமல், மண்ணைக் கிளறி, கிளைகளைப் பரப்பி, நீரோட்டத்தைக் கற்களால் தடுத்து மூடுங்கள். கண்ணுக்குத் தெரியும்வரை யாராவது அதில் இறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள்.

வழிக்குறிகளுக்கு எந்த நிறம் நல்லது? அலைபேசி வரைபடம் இருக்கும் காலத்தில் அவை தேவையா?

தேவைதான். மின்கலம் தீரும், பள்ளத்தாக்கில் அலைவரிசை கிடைக்காது, மழையில் திரை வேலை செய்யாது. நிறத்தைவிட ஒழுங்கே முக்கியம். செக் நாட்டு மலையேற்றக் கழகம் 1889-இலேயே பாதைகளுக்குக் குறியிடத் தொடங்கியது. இரண்டு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே ஒரு நிறப் பட்டை என்ற அதன் குறியை இன்று அந்நாடு முழுவதும் காணலாம். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் பலகை எளிய நடைவழியையும், வெள்ளை-சிவப்பு-வெள்ளை மலைப்பாதையையும், வெள்ளை-நீலம்-வெள்ளை தேர்ந்தவர்களுக்கான உயர்மலைப் பாதையையும் காட்டுகின்றன. நிறமே அபாயத்தைச் சொல்லிவிடும் இந்த ஏற்பாட்டை எவரும் பின்பற்றலாம். ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையில் எலியாஸ் வலீஞா என்ற பாதிரியார் 1980-களில் மஞ்சள் அம்புக்குறிகளைத் தம் கையால் தீட்டத் தொடங்கினார். இன்றும் அந்த அம்புகளைப் பார்த்துத்தான் மக்கள் நடக்கிறார்கள்.

பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கைகாட்டி வையுங்கள். பிரிந்து சிறிது தூரம் சென்றதும் சரியான வழிதான் என்று உறுதிப்படுத்தும் குறி ஒன்று இருக்கட்டும். எதிர்த்திசையிலிருந்து ஒருமுறை நடந்துபார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

நான் சக்கர நாற்காலியில் இயங்குபவள். பாதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்னைப் போன்றவர்களை எண்ணிப் பார்ப்பதே இல்லை. நாங்கள் கேட்க வேண்டியது என்ன?

உங்கள் கோபம் நியாயமானது. முதலில் கேட்க வேண்டியது, மறைக்காத தகவல். பாதை தொடங்கும் இடத்திலேயே அதன் நீளம், மிகக் குறுகிய இடத்தின் அகலம், மிகச் செங்குத்தான இடத்தின் ஏற்றம், பக்கச் சாய்வு, தரையின் தன்மை ஆகியவற்றைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். ‘எளிய பாதை’ என்ற இரண்டு சொற்கள் உங்களுக்கு எதையும் சொல்வதில்லை. எண்களைத் தந்தால் போவதா வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்வீர்கள். அமெரிக்கக் கூட்டரசின் பாதைத் தரங்கள் இத்தகைய பலகையைக் கேட்கின்றன. குறைந்தது 36 அங்குல அகலம், இருபதுக்கு ஒன்று (இருபது அடி தூரத்துக்கு ஓர் அடி உயர்வு) வரையான ஏற்றத்துக்கு நீள வரம்பின்மை, அதற்கு மேல் பன்னிரண்டுக்கு ஒன்று வரை இருந்தால் 200 அடிக்கு ஒருமுறை இளைப்பாறும் சமதளம் என்பன அவற்றின் அடிப்படை அளவுகள். உங்கள் வட்டாரக் குழுவிடம் இந்த எண்களை முன்வைத்துப் பேசுங்கள்.

கைவிடப்பட்ட ரயில் தடம் ஒன்று அருகில் இருந்தால் அதற்காகப் போராடுங்கள். ரயில் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அத்தடங்கள் மிக மெல்லிய ஏற்றத்தோடு வெட்டப்பட்டவை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய்-ஸ்பார்ட்டா தடம் 1960-களில் இவ்வாறு பொதுமக்களின் பாதையாக மாறியது. அந்நாட்டில் 1983-இல் வந்த சட்டத்திருத்தம், ஓட்டம் நின்ற தடத்தின் நிலம் துண்டுதுண்டாகப் பிரிந்து போகாமல், பிற்காலத் தேவைக்காக முழுமையாக வைத்திருந்து, அதுவரை பாதையாகப் பயன்படுத்த வழி செய்தது.

மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் ஓயாத சச்சரவு. பாதைகளைப் பிரித்துவிடலாமா?

நெரிசலான இடங்களிலும், வேகமாக இறங்கும் சரிவுகளிலும் பிரியுங்கள். மற்ற இடங்களில் தேவையில்லை. மிதிவண்டி நடப்பவருக்கு வழிவிட வேண்டும், இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும் என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட ஒழுங்கு. எதிரில் வருபவர் தெரியாத வளைவுகளில் புதரை வெட்டினாலே சச்சரவில் பாதி தணிந்துவிடும்.

பாதை திறந்தால் காடு கெடும் என்கிறார் என் நண்பர். அவர் சொல்வது சரியா?

ஓரளவு சரிதான். நியூசிலாந்தின் கௌரி மரங்களைக் கொல்லும் நோய்க்கிருமி மண்ணில் வாழ்வது. நடப்பவர்களின் காலணியில் ஒட்டிய மண்ணோடு அது பயணம் செய்கிறது. ஆக்லாந்தை ஒட்டிய வைட்டாக்கெரே மலைக்காட்டில் 2017 இறுதியில் அம்மண்ணின் மாவோரி மக்கள் தங்கள் மரபுப்படி நுழைவுத் தடை விதித்தார்கள். 2018-இல் நகர மன்றமும் காட்டுப் பகுதியை மூடியது. காலணி கழுவும் நிலையங்களும், வேர் மண்ணில் கால் படாத மரப்பலகைப் பாதைகளும் அமைத்த பின், தடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வருகிறார்கள்.

நல்ல கோட்டில் செல்லும் ஒரு பாதை, காட்டில் நூறு திசைகளில் அலையும் கால்களை ஒரே கோட்டுக்குள் கொண்டுவருகிறது என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அதே சமயம், பறவைகள் கூடு கட்டும் காலத்திலும் மண் ஊறிக் கிடக்கும் காலத்திலும் எந்தெந்தப் பகுதியை மூடுவது என்பதைத் திட்டமிடும்போதே முடிவுசெய்யாத குழுவிடம் ஒரு காட்டை ஒப்படைக்க எனக்கும் மனம் வராது.

பாதை அமைக்க நிதி கிடைத்தது. பராமரிக்க யாரும் தருவதில்லை. எப்படிச் சமாளிப்பது?

எல்லா இடத்திலும் இதே கதைதான். நான் பணியாற்றிய ஒரு பாதையில் அழகான மரப்பாலம் ஒன்று கட்டித் திறந்தார்கள். அதற்கு எண்ணெய் பூசவோ பலகை மாற்றவோ ஒரு காசும் ஒதுக்காததால், சில ஆண்டுகளில் அதைக் கயிறு கட்டி மூட வேண்டியதாயிற்று. அந்தக் கயிற்றைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து, பத்தாண்டுப் பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதாத எந்தத் திட்டத்துக்கும் நான் கையெழுத்திடுவதில்லை. நிதி குறைவு என்றால் பாதையின் நீளத்தைக் குறையுங்கள். பேண முடிகிற ஐந்து கிலோமீட்டர், கைவிடப்பட்ட ஐம்பதைவிடப் பயனுள்ளது.

நிதி தருபவர்களிடம் கட்டுமானத் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்பு வைப்பு நிதியாக ஒதுக்கக் கேளுங்கள். நடப்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டினால் உங்கள் வாதம் வலுப்பெறும்; அகச்சிவப்புக் கதிரைக் கடப்பவர்களை எண்ணும் சிறு கருவியைச் சந்திப்புகளில் பொருத்தலாம், ஆனால் அது போவதையும் வருவதையும் இரண்டாக எண்ணக்கூடும் என்பதால், சில நாட்கள் நேரில் உட்கார்ந்து எண்ணிச் சரிபாருங்கள். நெடுங்கால நோக்கில் அரசின் கடமையாக இதை மாற்றுவதே சிறந்தது. சுவிட்சர்லாந்து மக்கள் 1979-இல் நடைவழிகளை அரசியலமைப்பிலேயே சேர்க்க வாக்களித்தார்கள். அங்கு இன்று ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் நடைவழிகள் குறியிடப்பட்டு, பேணப்பட்டு வருகின்றன.

எனக்கு மாதம் இரண்டு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அதைக்கொண்டு என்ன செய்ய இயலும்?

நிறையச் செய்யலாம். அப்பலாச்சியன் பாதையை ஏறத்தாழ முப்பது குழுக்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு பேணுகின்றன. அக்குழுக்களுக்குள் சிறு சிறு துண்டுகளைத் தனி மனிதர்களும் ஏற்கிறார்கள். நீங்களும் உங்கள் குழுவிடம் ஒரே ஒரு கிலோமீட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மழை விட்ட மறுநாளாகப் பார்த்துப் போங்கள், அன்றுதான் நீர் எங்கே தேங்குகிறது, எங்கே பாதையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்பது தெரியும். ஒரு மண்வெட்டியும் கை வாளும் போதும். வெளிவிளிம்பில் சேர்ந்த வரப்பை வெட்டிவிடுங்கள். தாழ்வான இடங்களில் அடைத்துள்ள சருகை வாருங்கள். முகத்தில் இடிக்கும் கிளையை, அது அடிமரத்தில் சேரும் இடத்திலுள்ள தடிப்பைக் காயப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே அறுங்கள். வழிக்குறியை மறைக்கும் தழையை விலக்குங்கள். பெரிய மரம் விழுந்திருந்தால் தனியாகத் தொடாமல், இடத்தைக் குறித்துப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். வீடு திரும்பியதும், தேதி போட்டு, என்ன செய்தீர்கள், எது மிச்சம் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அடுத்த மாதம் உங்களால் போக முடியாவிட்டால், அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு வேறொருவர் போவார்.